பின்னால் நிற்கும் ஆள்

அப்பா எந்த வண்டியையும் தனியாகப் பின்னால் எடுத்ததில்லை. யாராவது ஒருவர் இறங்கிப் பின்புறம் நின்று, வண்டியின் மீது கையால் தட்டிச் சொல்ல வேண்டும். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் வா. தட்ட ஆள் இல்லாவிட்டால் எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். தெருவில் போகிறவர்களைக் கூப்பிடுவார். ஒருமுறை பஜாரில் எதிரே ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு நின்றது. அப்போதும் பழக்கடைக்காரரைத் தராசைக் கீழே வைத்துவிட்டு வரச் சொல்லி, அவர் தட்டிய பிறகுதான் வண்டியைப் பின்னால் எடுத்து வழிவிட்டார். பழக்கடைக்காரர் அதற்குப் பிறகு எங்களைப் பார்த்தாலே கையைத் தட்டிக் காட்டிச் சிரிப்பார்.

இது பட்டாளத்தில் வந்த பழக்கம். அங்கே லாரி ஓட்டுநருக்குப் பக்கத்தில் துணை ஓட்டுநர் ஒருவர் இருப்பார். வண்டி பின்னால் போக வேண்டுமென்றால் அவர் இறங்கியே ஆக வேண்டும். மலைப் பாதையில் பின்சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் இடையே எவ்வளவு மண் இருக்கிறது என்று கண்ணாடியில் தெரியாது. எங்கேயோ பெரிய விபத்து ஒன்று நடந்துதான் இவர் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டேன்.

"யார்னா செத்துட்டாங்களா நைனா?"

"யாரும் சாவலை. பின்னால ஆள் நின்னாங்க, அதனால சாவலை."

அவ்வளவுதான் கதை.

விரிஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் அவர் பிறந்த ஊரில் பட்டாளத்துக்குப் போவது பெரிய செய்தி அல்ல. அண்ணன் போனார், பெரியப்பா மகன் போனார், இவரும் போனார். ஓட்டுநராகச் சேர்ந்து, வடக்கே மலை முகாம்களுக்குச் சரக்கு லாரி ஓட்டினார். சண்டைக் கதை கேட்டு வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான்.

"சண்டைல இன்னா பண்ணே நைனா?"

"ஆடு ஏத்தினேன்."

உண்மைதான். பனி விழுந்து வழி அடைபடுவதற்கு முன்னால் மேலே இருக்கிற முகாம்களுக்கு மாவு, மண்ணெண்ணெய், பருப்பு எல்லாம் போய்ச் சேர வேண்டும். இறைச்சி உயிரோடு போகும். "மேல ஏற ஏற ஆட்டுக்கும் மூச்சு வாங்கும், எனக்கும் வாங்கும், லாரிக்கும் வாங்கும்" என்பார். வீரம் என்று அவர் வாயிலிருந்து வந்தது இதுதான்.

ஊர் திரும்பியதும், முன்னாள் ராணுவத்தினர் என்ற ஒதுக்கீட்டில் நகராட்சியில் லாரி ஓட்டுநர் வேலை கிடைத்தது. ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் ஊர்களில் ஒன்று எங்களுடையது. பாலாற்றில் மணலைத் தவிர வேறெதுவும் ஓடிப் பார்த்ததில்லை. கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க முடியாது; அது என்ன நிறத்தில் இருக்கும் என்பது மேல்புறத் தொழிற்சாலையில் அன்று என்ன வேலை நடந்தது என்பதைப் பொறுத்தது. அதனால் கோடையில் தண்ணீர் லாரிதான் ஊரின் முக்கியமான வண்டி. அப்பா கோடையில் தண்ணீர் லாரியும் மற்ற மாதங்களில் குப்பை லாரியும் ஓட்டினார்.

அவரோடு கிளீனராக இருந்தவரை எல்லோரும் பாய் என்று கூப்பிட்டார்கள். பாய் அப்பாவை மிலிட்ரி என்று கூப்பிட்டார். நாளடைவில் ஊரே மிலிட்ரி என்றது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இருவருக்கும் தகராறு. குப்பை கொட்டும் மைதானத்தில், சுற்றிலும் ஒரு நாய்கூட இல்லாத இடத்தில், அப்பா பாயை இறங்கித் தட்டச் சொன்னார்.

"அரே மிலிட்ரி, இன்னா இது, பார்டரா? குப்பைமேல குப்பை லாரி ஏறினா யாருக்கு நஷ்டம்?"

"எறங்கு பாய்."

"மழை பெய்து."

"அதான் எறங்குன்றேன். எனக்குக் கண்ணாடில தெரிலை."

பாய் இறங்கினார். ஓய்வு பெறும்வரை இறங்கிக்கொண்டே இருந்தார். சந்துகளில் லாரி வரும்போது குடங்களோடு பெண்கள் முண்டியடிப்பார்கள். தண்ணீர் முதலில் யாருக்கு என்ற சண்டையில் சக்கரம் யாருக்கும் நினைவிருக்காது. அந்தக் கூட்டத்தின் நடுவே பாய் நின்று தட்டுகிற சத்தம் எங்கள் வீடுவரை கேட்கும். அவர்கள் இருவரும் வேலை பார்த்த காலத்தில் அந்த லாரி ஒரு குடத்தைக்கூட நசுக்கியதில்லை என்று பாய் சொல்வார். இதை நான் சரிபார்க்கவில்லை. ஆனால் மறுத்துப் பேசியவர்களையும் நான் பார்த்ததில்லை.

எங்கள் வீடு முட்டுச்சந்தில் இருக்கிறது. உள்ளே மூக்கை நீட்டி வருகிற வண்டி திரும்ப இடமில்லை. பின்னாலேயேதான் போக வேண்டும். ஓய்வு பெற்ற அன்று சால்வையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்து, மாலை போட்டு, நகராட்சி ஜீப்பில் கொண்டுவந்து விட்டார்கள். அவரை இறக்கிவிட்டு ஜீப் கிளம்பப் பார்த்தது. அப்பா மாலையைக் கழற்றாமல் ஓடிப்போய்ப் பின்னால் நின்றுகொண்டார். இரண்டு தட்டு. ஜீப் நகர்ந்தது. இளம் ஓட்டுநருக்கு வெட்கமாகப் போய்விட்டது. சந்தின் முனைவரை தட்டி அனுப்பிவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்து தண்ணீர் குடித்தார்.

சும்மா உட்கார அவருக்குத் தெரியாது. பழைய வேன் ஒன்றை வாங்கினார். எங்கள் ஊர் ஷூ தொழிற்சாலைகளில் ஒரு வேலையை வெளியே கொடுப்பார்கள்: ஷூவின் மேல்பாகத்தைக் கையால் ஊசி நூல் கொண்டு தைப்பது. அதை அப்பர் என்பார்கள். வெட்டிய தோலை மூட்டையாகக் கட்டி வீடுகளுக்கு அனுப்பினால் பெண்கள் தைத்து வைப்பார்கள். மூட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்து, தைத்ததை வாங்கி வருவதுதான் வேனுக்குக் கிடைத்த வேலை.

அம்மாவும் ஏறிக்கொண்டாள். அவள் பல வருடம் வீட்டில் அப்பர் தைத்தவள். விரலில் ஊசி ஏறிய தழும்புகள் உண்டு. எந்த வீட்டில் யார் எவ்வளவு தைப்பார்கள், யார் கை சுத்தம், யார் வீட்டில் கல்யாண வேலையால் இந்த வாரம் தையல் நடக்காது என்பதெல்லாம் அவளுக்குத் தலையில் இருந்தது. முன்சீட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில், லாரியில் பாய் உட்கார்ந்திருந்த இடத்தில், அவள் உட்கார்ந்தாள். சந்துகளில் இறங்கித் தட்டினாள். அவள் தட்டும்போது வளையலும் சேர்ந்து ஒலிக்கும். பாய் ஒருநாள் வழியில் பார்த்துவிட்டு, "கிளீனரா ப்ரமோஷன் ஆயிட்டாங்கோ போல" என்றார். "பாயைவிட நல்லா தட்றா" என்றார் அப்பா. அம்மாவுக்கு அன்று முழுவதும் முகம் மலர்ந்திருந்தது. அவளை யாரும் வேலைக்காகப் பாராட்டி நான் கேட்டதில்லை. அப்பர் தைக்கிறவர்களிடம் குறை மட்டும்தான் சொல்வார்கள்.

அந்த நாட்களில் நான் வேலூரில் ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் இருந்தேன். வார விடுமுறைக்கு வரும்போது சில சமயம் வேனின் பின்னால், மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு போவேன். முன்னால் இருவரும் பேசுவதைக் கேட்பது பொழுதுபோக்கு. பாதிப் பேச்சு வழியைப் பற்றி, மீதி சாப்பாட்டைப் பற்றி.

ஒரு விடுமுறையில் சிறு மாற்றம் தெரிந்தது. ஒரு வீட்டு மூட்டையை அம்மா அடுத்த சந்தில் கொடுத்துவிட்டாள். அப்பா திரும்பிப்போய் மாற்றிக் கொடுத்தார். அடுத்த முறை நான் போனபோது குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. அதற்கடுத்த முறை, நான் குளித்துவிட்டு வந்ததும், "எப்ப வந்தே?" என்று கேட்டாள். நான் முந்தின நாளே வந்திருந்தேன்.

பிறகு அந்தச் சந்து.

உருது பேசுகிற குடும்பங்கள் அதிகம் இருக்கிற தெரு அது. குறுகலான வழி, இரண்டு பக்கமும் வாசற்படிகள். மூட்டைகளை இறக்கியாயிற்று. அம்மா இறங்கிப் பின்னால் போனாள். நான் உள்ளே இருந்தேன். தட்டு கேட்டது. இரண்டு. வளையல் சத்தத்தோடு தெளிவாக இரண்டு. அப்பா எடுத்தார். ஏதோ நொறுங்கியது.

இறங்கிப் பார்த்தோம். குழந்தைகள் ஓட்டுகிற மூன்று சக்கர சைக்கிள். பின்சக்கரத்துக்கு அடியில் அதன் கைப்பிடி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அதை ஓட்டிக்கொண்டிருந்த குழந்தை தண்ணீர் குடிக்க உள்ளே போயிருந்தது. அதன் அம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். அவரும் அப்பர் தைக்கிறவர்தான். அம்மாவை அக்கா என்பார். முதலில் சைக்கிளைப் பார்த்தார். பிறகு குழந்தையை இறுக்கிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் குரல் வந்தது.

"இன்னா மிலிட்ரி அண்ணே! கண்ணு தெரிலயா உங்களுக்கு? அல்லா காப்பாத்தினான். இல்லன்னா?"

அம்மா வெளிறிப் போய் நின்றாள். "நான் ஒண்ணுதாங்க தட்டினேன். நில்லுன்னுதான் தட்டினேன்."

பொய் சொல்கிற முகம் அல்ல அது. அவள் ஒரு தட்டுதான் தட்டியதாக நம்பினாள்.

அப்பா சைக்கிளையும் அம்மாவையும் பார்த்தார். "ஆமா. ஒண்ணுதான் தட்டினே" என்றார். குழந்தையின் அம்மாவிடம் திரும்பினார். "கண்ணு தெரியுது தங்கச்சி. காதுதான் கொஞ்ச நாளா கம்மி. எனக்கு ரெண்டுன்னு கேட்டுடுச்சு. தப்பு என்மேல."

நான் வாயைத் திறந்தேன். அப்பா என்னைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

வேலூரில் டாக்டரிடம் காட்டினோம். மறதி நோய் தொடங்கியிருக்கிறது, மெதுவாகப் போகலாம், திரும்பி வராது என்றார். அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்த பெண்ணிடம் அவர் காலில் இருந்த செருப்பின் தையலைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாள். நானும் அப்பாவும் நடைபாதையில் நின்றோம். இனி வேன் வேலை வேண்டாம் என்றேன். அம்மாவை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், நீயும் ஓய்வெடு என்றேன்.

"அவளை வண்டிலருந்து எறக்கினா ஏன்னு கேப்பா" என்றார். "இன்னா சொல்றது? உனக்கு ஒண்ணு ரெண்டு தெரிலைன்னு சொல்றதா? அதோட முடிஞ்சுது. அவ மூலைல உக்காந்துடுவா. எழுந்திருக்கவே மாட்டா."

"அந்தக் கொழந்த சைக்கிள் மேல இருந்திருந்தா?"

"அதுவும் தெரியும். எனக்கு ராத்திரில அதுதான் வருது. இரு. வழி பண்றேன்."

அவர் பண்ணிய முதல் வழி செவிடாவது.

சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. வீட்டில் டிவி சத்தம் தெருவுக்குக் கேட்டது. அம்மா எதையும் இரண்டு தடவை, சத்தமாகச் சொன்னாள். "டீ! டீ வேணுமான்னு கேட்டேன்!" "இன்னாது?" "போங்க!" என்று அலுத்துக்கொண்டு டீ போடப் போவாள். இப்போது வீட்டில் கவனித்துக்கொள்ளப்பட வேண்டிய ஆள் அப்பாதான். அம்மா அவருக்குத் துணையாக இருந்தாள். கடைக்குப் போனால் "இவருக்குக் கேக்காது, என்கிட்ட சொல்லுங்க" என்று முன்னால் நிற்பாள். சொன்னதில் பாதி மறந்துபோகும். அப்பா கேட்காததுபோல் நின்று எல்லாவற்றையும் கேட்டு வைத்துக்கொள்வார்.

பட்டாளத்து தோஸ்த் ஒருவருக்குப் புதிய காது மெஷின் வந்திருந்தது. பழையதை அப்பா வாங்கிக்கொண்டு வந்தார். தினமும் குளித்ததும் காதில் மாட்டுவார். ஒருநாள் அவர் குளிக்கும்போது அதை எடுத்துத் திறந்து பார்த்தேன். பேட்டரி வைக்கிற இடம் காலியாக இருந்தது. மூடி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

செவிடு என்று ஊர் நம்பிவிட்டதில் அவருக்கு ஒரு லாபம். டீக்கடையில் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேசினார்கள். கோடையில் யார் தெருவுக்கு லாரி முதலில் போனது, மிலிட்ரி யாருக்கு வேண்டியவர், எத்தனை கர்வம். எல்லாவற்றையும், அம்மா தூங்கிய பிறகு, எனக்கு போனில் சொல்வார். அவர் அவ்வளவு சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. "பாய் மட்டும்தான் நல்லா பேசினான்" என்றார். "அவனுக்கு என் விசயம் தெரியும்போல. நான் கேக்கணும்னே பேசறான்."

இரண்டாவது வழியை அவர் எனக்குச் சொல்லவில்லை. நானே பார்த்தேன்.

அடுத்து நான் வேனில் போனபோது அதே தெருவுக்குப் போனோம். மூட்டையை இறக்கினார்கள். அம்மா பின்னால் போனாள். குழந்தையின் அம்மா, தலைத் துணியைச் சரிசெய்துகொண்டே, வீட்டுப் படியிலிருந்து இறங்கித் தள்ளிப்போய் நின்றார். வலதுபக்கக் கண்ணாடியில் அவர் முழுதாகத் தெரிந்தார். அம்மா தட்டினாள், இரண்டு. குழந்தையின் அம்மா கையை உயர்த்தினார். அப்பா நகரவில்லை.

"இன்னாமே, கேக்கல! இன்னொரு தபா தட்டு!"

அம்மா அலுத்துக்கொண்டாள். மறுபடி தட்டினாள், ஒன்று. யாரோ ஒரு கிழவரும் அவருடைய ஆட்டுக்குட்டியும் வேனின் பின்னால் ஆற அமரக் கடந்து போனார்கள். குழந்தையின் அம்மா கையை இறக்கினார். அப்பா காத்திருந்தார். "தட்டுமே!" அம்மா தட்டினாள், இரண்டு. அப்பா எடுத்தார்.

"சரியா தட்னீங்க அக்கா" என்று குழந்தையின் அம்மா சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அடுத்த சந்தில் வேறொரு பெண். கையில் பாதி தைத்த அப்பர், வாயில் நூல், வாசலில் நின்றபடியே கையை உயர்த்தி இறக்கினார். அதற்கடுத்ததில் இரண்டு சகோதரிகள், சுவரில் சாய்ந்து பேசிக்கொண்டே. எல்லாத் தெருவிலும் யாரோ ஒருவர் கண்ணாடியில் தெரிகிற இடத்தில் வந்து நின்றார்கள். அம்மா தட்டுவதும் கை சொல்வதும் ஒன்றாகும்வரை வண்டி நகரவில்லை. ஒன்றாகாவிட்டால் அப்பாவுக்குக் காது கேட்காது.

திரும்பும்போது ஒரு மூட்டையை மறந்துவிட்டதாகச் சொல்லி இறங்கி, குழந்தையின் அம்மாவிடம் தனியாகக் கேட்டேன்.

"சைக்கிள் ஒடைஞ்ச மறுவாரமே உங்க நைனா புது சைக்கிளோட வந்தாரு" என்றார். "நான் வாங்கிக்கல. பேஜாரா இருந்துது எனக்கு. அப்ப சொன்னாரு, தங்கச்சி, தப்பு என் காதுல இல்ல. அவளுக்கு மறந்து போவுது. நீ கண்ணாடிக்கு நேரா நில்லு, நான் உன் கையைப் பாக்கறேன். அவ தட்டட்டும். இப்டி எங்கிட்ட சொல்லிட்டு அப்டியே நின்னாரு. அவ்ளோ ஒசரம் மனுசன்."

"நீங்க ஒத்துக்கிட்டீங்க."

"எம்புள்ள இந்தத் தெருலதானே ஓடுது? நான் நிக்காம யார் நிப்பாங்க? மத்தவங்களுக்கும் நாந்தான் சொன்னேன். அக்காகிட்ட மட்டும் யாரும் வாய் தொறக்கக் கூடாதுன்னு." உள்ளே போகத் திரும்பியவர், "சைக்கிளையும் அப்புறம் வாங்கிக்கினேன்" என்றார்.

இப்படி இரண்டு மழைக்காலம் போயிற்று. அம்மாவுக்கு வீடுகள் மறந்தன, பெயர்கள் மறந்தன. எந்தப் பெண் எவ்வளவு தைப்பார் என்பது போய்விட்டது. அதை அப்பா பார்த்துக்கொண்டார். காலையில் வேனில் ஏறுவதும், சந்தில் இறங்குவதும், தட்டுவதும் மட்டும் மறக்கவில்லை. தட்டிவிட்டுத் திரும்ப வந்து சீட்டில் உட்காரும்போது, வேலை செய்து முடித்தவளின் முகத்தோடு உட்காருவாள்.

அப்பா ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. வேன் வாசலில், மறுநாள் கிளம்ப வசதியாக, தெருவைப் பார்த்தபடி நின்றது.

நான் வேலை பார்த்த பதிப்பில் சிறிய செய்தி வந்தது. முன்னாள் ராணுவ வீரர், ஓய்வு பெற்ற நகராட்சி ஊழியர் காலமானார். இரண்டும் சரி. ஓட்டுநர் என்று நான் எழுதிக் கொடுத்த சொல் இடமில்லாமல் விழுந்துவிட்டது. நானும் பலருக்கு அப்படி வெட்டியிருக்கிறேன், அது வேலை.

முன்னாள் ராணுவத்தினர் சங்கத்திலிருந்து தொப்பி அணிந்துகொண்டு வந்து மலர்வளையம் வைத்தார்கள். கொடி போர்த்தலாமா என்று ஒருவர் கேட்டார். அதற்கு விதி இருக்கிறது, இவருக்கு வராது என்று மூத்தவர் ஒருவர் சொன்னார். அப்பா இருந்திருந்தால் அவரும் அதையே சொல்லியிருப்பார். பாய் கைத்தடியோடு வந்து குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். அப்பர் தைக்கும் பெண்கள், எல்லாத் தெருக்களிலிருந்தும், சேர்ந்து வந்திருந்தார்கள்.

அம்மா பெட்டிக்கு அருகில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் அழுதாள். பிறகு அவர் சாப்பிட்டாரா என்று கேட்டாள். பிறகு மறுபடி நினைவு வந்து அழுதாள். அவளுக்கு அன்று ஒரே செய்தி பல தடவை வந்து சேர்ந்தது.

அமரர் ஊர்தி வந்தது. ஓட்டுநர் வெளியூர்க்காரர். முட்டுச்சந்து என்று தெரியாமல் மூக்கை உள்ளே நீட்டிக்கொண்டு வந்துவிட்டார். அப்பாவை ஏற்றினார்கள். ஓட்டுநர் கியரைப் போட்டதும், வண்டி பின்னால் போகப்போகிறது என்று அறிவிக்கிற மணி ஒலிக்கத் தொடங்கியது. கூட்டம் சுவரோரமாக ஒதுங்கியது.

அம்மா எழுந்தாள்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை, தெருமுனையோடு நின்றுவிடுவார்கள். இவள் துக்கம் தாளாமல் வண்டியோடு போகப் பார்க்கிறாள் என்று நினைத்து இரண்டு பெண்கள் கையைப் பிடித்தார்கள்.

"விடுங்க. பின்னால ஆள் இல்ல. எடுக்கறாங்க பாரு, பின்னால ஆள் இல்ல."

"விடுங்கோ அவங்களை" என்றார் பாய். சத்தமாகவே சொன்னார். கையை விட்டார்கள். நான் ஓட்டுநரின் ஜன்னலுக்குப் போய், அம்மா தட்டுவார், அதன்படி எடுங்கள் என்றேன். ஒன்று நில், இரண்டு வா. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அம்மா வண்டிக்குப் பின்னால் போய் நின்று தட்டினாள். ஒன்று. வண்டி நின்றது. குனிந்து இந்தப் பக்கச் சக்கரத்தைப் பார்த்தாள். சுற்றி வந்து அந்தப் பக்கச் சக்கரத்தைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. சந்தின் வளைவில், கூட்டத்திலிருந்து தள்ளி, கண்ணாடிக்கு நேராக, மூன்று சக்கர சைக்கிள் குழந்தையின் அம்மா நின்றிருந்தார். அவரை யாரும் அங்கே நிற்கச் சொல்லவில்லை. அவர் கை உயர்ந்திருந்தது. பிறகு இறங்கியது.

அம்மா தட்டினாள். இரண்டு. வளையல் தெறித்துவிடும்போல அடித்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"மெதுவா தட்டும்மா. கை வலிக்கும்."

"மெதுவா தட்னா அவருக்கு எப்டிக் கேக்கும்?" என்றாள்.

வண்டி நகர்ந்தது. அவள் கூடவே நடந்தாள், தட்டிக்கொண்டு. வீட்டுப் படிகளைத் தாண்டி, சாக்கடைப் பலகையைத் தாண்டி, வளைவைத் தாண்டி. தெருமுனையில் வண்டி திரும்பி, முன்பக்கமாகப் போகத் தயாரானது. அதற்குப் பிறகு தட்டத் தேவையில்லை. அம்மா ஒதுங்கி நின்று வழிவிட்டாள்.